கயலுக்கு, அந்த இரண்டு மெஷின்கள் பற்றி

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ வாங்கிய பழைய வாஷிங் மெஷின், துணி உலர்த்தும் டிரையர் இரண்டின் படங்களையும் வந்த அன்றே பார்த்துப் பதிலும் போட்டோம். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மெஷின்களைப் பற்றிச் சொல்ல வேண்டியவை போனில் சொல்லி முடிகிறவை அல்ல என்பதால் எழுத உட்கார்ந்தேன். முதலில் ஒன்று: டிரையரைத் திறந்து உள்ளே பார்க்காமல் மின்சாரத்தில் மாட்டாதே. மீதியைப் படிக்க நேரமில்லை என்றாலும் இதை மட்டும் மனத்தில் வை.

மெஷின்களின் வயது கேட்டிருந்தாய். ஃப்ரிஜிடேர் வாஷிங் மெஷினின் முகப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயருக்குக் கீழே ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிப்பு என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அந்தக் கார் நிறுவனம் ஃப்ரிஜிடேரை 1979-இல் விற்றுவிட்டது. ஆகவே உன் மெஷின் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது. மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் காகிதத்தில், ஒஹாயோ மாநிலத்து டேட்டன் முகவரியோடு ஐந்து இலக்க அஞ்சல் எண்ணும் தெரிகிறது. அமெரிக்காவில் அந்த எண் 1963 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. இரண்டுக்கும் இடையில் எந்த ஆண்டு என்பதை மோட்டாரின் தகடும், டைமரின் மேல் குத்தியிருக்கும் எண்களும் சொல்லும். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதே. மோட்டாரை இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். தகட்டில் வரிசையாக இருக்கும் காப்புரிமை எண்களும் மெஷின் இன்ன ஆண்டுக்கு முந்தியதல்ல என்பதைத்தான் காட்டுமே தவிர, செய்த ஆண்டைக் காட்டா.

மற்ற மெஷின்களில் துணியை அலசும் நடுத்தண்டான அஜிட்டேட்டர் இடமும் வலமுமாகத் திரும்பும், இதில் மேலும் கீழும் போய்வருகிறது, அதனால்தான் விடாமல் வாங்கினேன் என்று நீ எழுதியிருந்ததை வாசுவிடம் வாசித்துக் காட்டினேன். பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே பலர் அந்த வித்தியாசத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் இவ்வளவு கவனமுள்ள பெண், ஒரு ஆளால் தூக்கக்கூடாத இரும்பு மெஷின்கள் இரண்டை மாடிக்கு எப்படிக் கொண்டுபோனாள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. மறுபக்கம் யார் பிடித்தார்கள்? படியில் இறக்கினாலும் ஏற்றினாலும் கீழே நிற்பவர் மேல்தான் அதிக எடை விழும். கீழே நின்றது நீயா?

டிரையருக்கு வருகிறேன். அது ஜெனரல் எலக்ட்ரிக் மெஷின். அதன் சீரியல் எண் இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்குகிறது. முதலெழுத்து மாதம், அடுத்தது ஆண்டு. உன்னுடையதில் எல் (L), டி (D) என்று இருக்கிறது. எல் என்றால் ஜூன். ஆண்டுக்கு 12 எழுத்துகளை மட்டுமே சுழற்சியாக வைத்துக்கொண்டதால், டி என்பது 1978, 1990, 2002, 2014 எல்லாவற்றுக்கும் பொருந்தும். அந்த மங்கிய பொன்னிறம் 1970களின் சமையலறைகளுக்கு உரியது என்பதால் 1978 ஜூன் என்று தயங்காமல் எழுதி வைத்துக்கொள்.

படத்தில் டிரையருக்குப் பின்னால் இருக்கும் பிளக் பாயிண்டைப் பார்த்தேன். நான்கு துளைகள் இருக்கின்றன. நாங்கள் வந்து தங்கியிருந்த வீட்டில் மூன்று துளைகள்தான் இருந்தன. அங்கே உன் டிரையரை நான் கழற்றி மாட்டியிருக்கிறேன், மறக்கவில்லை. அமெரிக்காவில் 1996-க்குப் பிறகு போடுகிற புதிய இணைப்புகளுக்குத்தான் நான்கு துளை கட்டாயம். சுவரின் நிறத்தைப் பார்த்து அம்மாவும் ஏதோ சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல்.

ஆனால் நான்கு துளை என்பதால் இதை நன்றாகப் படி. அந்தக் காலத்து டிரையர்கள் மூன்று கம்பிக்குச் செய்தவை. உள்ளே, கம்பிகள் சேரும் இடத்தில், நடுவில் இருக்கும் நியூட்ரல் முனையிலிருந்து மெஷினின் உடலுக்கு ஒரு சிறு உலோகப் பட்டையோ கம்பியோ போகும். நான்கு கம்பி வயரை மாட்டும்போது அந்த இணைப்பை எடுத்துவிட்டு, பச்சை எர்த் கம்பியை உடலோடு ஸ்குரூ போட்டு இறுக்க வேண்டும். அதை எடுக்காமல் விட்டால் நியூட்ரலில் ஓட வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு உடலின் வழியாகவும் ஓடும். 240 வோல்ட் மெஷின் அது. சின்னத் தாத்தா கடையில் நடந்தது உனக்குத் தெரியும். திரும்ப எழுத எனக்கு மனமில்லை. தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்துக்கொண்டு செய்.

மாட்டுவதற்கு முன் பின்தகட்டையும் முன்தகட்டையும் கழற்றி, டிரம்முக்கு அடியில் சேர்ந்திருக்கும் பஞ்சை முழுவதும் எடு. பல ஆண்டுத் துணிகளின் தூசு அங்கே மெத்தை போல் படிந்திருக்கும், ஹீட்டர் சுருளின் சூடு பட்டால் பற்றிக்கொள்ளும். சுருள் எங்காவது தொய்ந்து உலோகத்தைத் தொடுகிறதா என்று விளக்கு அடித்துப் பார். பிறகு மல்டிமீட்டரில் சுருளுக்கும் உடலுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று உறுதி செய். டிரம்மைக் கையால் சுற்றினால் சீராக ஓட வேண்டும். உரசல் கேட்டால் டிரம்மின் ஓரத்தில் இருக்கும் ஃபெல்ட் என்ற கம்பளிப் பட்டை தேய்ந்திருக்கலாம். கம்பிகளின் உறை வளைத்தால் உடைகிறது என்றால் அந்தக் கம்பியை மாற்றியே ஆக வேண்டும், டேப் சுற்றிச் சமாளிக்காதே.

வாஷிங் மெஷினுக்கு அவசரமில்லை. மேலும் கீழும் போய்வரும் அந்தத் தண்டுக்கு, அதாவது பல்சேட்டருக்கு, அடியில் உள்ள ரப்பர் உறையை மட்டும் முதலில் பார். அதில் விரிசல் இருந்தால் தண்ணீர் இறங்கி உள்ளே இருப்பதெல்லாம் துருப்பிடித்துவிடும். அந்த நிறுவனம் கைமாறியபோதே இந்த அமைப்பும் நின்றுபோனதால் உதிரி பாகம் எளிதில் கிடைக்காது. இறுகிப்போன பாகத்தைச் சுத்தியால் தட்டாதே. சுடுநீரை ஊற்றி ஊறவிட்டு, மெதுவாக அசைத்து எடு. மோட்டாரில் கெபாசிட்டர் இருந்து, அதில் எண்ணெய் கசிந்திருந்தால் வெறும் கையால் தொடாதே. 1979-க்கு முன் செய்தவற்றில் உடலுக்குக் கெடுதலான பிசிபி எண்ணெய் இருந்திருக்கிறது. எனாமல் பெயர்ந்த இடத்தில் துருவைச் சுரண்டி, எப்பாக்சி வைத்து அடைத்தால் போதும். முழுதும் பெயிண்ட் அடித்து அதன் முகத்தைக் கெடுத்துவிடாதே.

1937-இல் வந்த பெண்டிக்ஸ் வாஷிங் மெஷின் ஒன்று கிடைத்தால் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அது முன்பக்கம் திறக்கும் தானியங்கி மெஷின்களில் முதன்மையானது, ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஆட்டத்தைத் தாங்க அதில் ஸ்பிரிங் அமைப்பு கிடையாது. தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த இடமா, சொந்த இடமா என்பது தெரியாமல் நான் சரி என்று எப்படிச் சொல்வேன்? அதற்குப் பதில், மாடல் எண் 110 என்று தொடங்கும் பழைய கென்மோர் வாஷிங் மெஷின் கிடைத்தால் எடு. அது வேர்ல்பூல் நிறுவனம் செய்தது, பாகங்கள் தேடுவது எளிது.

டிரையரைத் திறந்ததும் கம்பி சேரும் இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு மாட்டு. எந்த நேரமானாலும் கூப்பிடு, போன் தலைமாட்டில்தான் இருக்கிறது. எனக்கு விசா இன்னும் காலாவதியாகவில்லை. வா என்று ஒரு வார்த்தை சொன்னால் டூல் பெட்டியோடு வந்துவிடுவேன். அம்மாவும் வருவாள்.

அன்புடன்,
அப்பா