மகளிர் கால்பந்து அணி: செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, பயிற்சி முடிந்து நேராக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வீராங்கனைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழு கூடிய விவரங்கள் குறிப்பேட்டில் உள்ளன, வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம். போன பொதுக்குழுவில் ஒரு தகப்பனார் எழுந்து, "ஓடுற பிள்ளைங்க இவ்வளவு பேர் இருந்தும் ஏன் சார் தோத்துட்டே வர்றோம்?" என்று கேட்டார். இந்த அறிக்கையில் பெரும்பகுதி அவருக்கான பதில். நம் சங்கம் பயிற்சிப் பொறுப்பை ஏற்றிருக்கும் கல்லூரி மகளிர் அணியைப் பற்றியே பேசப்போகிறேன். அறிக்கை வாட்ஸ்அப்பில் சுற்றும் என்பதால், பெற்றோர் கேட்டுக்கொண்டபடி வீராங்கனைகள் பெயரை எழுதவில்லை. ஆடும் இடத்தைச் சொன்னாலே யாரென்று இங்கிருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

நம் அணி வெகுநாளாக ஆடியது ஒரே ஆட்டம். பின்னாலிருந்து தூக்கி அடி, முன்னால் இருப்பவள் துரத்து. 4-4-2 (பின்னால் நாலு, நடுவில் நாலு, முன்னால் இரண்டு பேர்) என்று பெயருக்குச் சொல்லிக்கொண்டோம். நாம் பயிற்சி எடுக்கும் மைதானம் கட்டாந்தரை. அதில் தூக்கி அடித்த பந்து விழுந்ததும் எகிறி, பாதி நேரம் எதிரணி கீப்பர் கைக்கே போய்ச் சேரும். ஓடிய பிள்ளைக்கு இளைப்புதான் மிச்சம். இப்படி நாலு முறை ஓடவிட்டால் இரண்டாம் பாதியில் எந்த வேகக்காரிக்கும் கால் வராது.

புதிதாக வந்த பயிற்சியாளர் (பிள்ளைகளுக்கு அவர் 'கோச் அக்கா') வந்த உடனே ஃபார்மேஷன் எதையும் போர்டில் எழுதவில்லை. சில வாரம் எல்லோரையும் எல்லா இடத்திலும் ஆடவிட்டு, ஓரமாக நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஆட்டத்தைச் சொல்லித்தராமல் வேடிக்கை பார்க்கிறாரே என்று செயற்குழுவில் பேச்சு எழுந்தது உண்மை. அந்த நோட்டில் இருந்துதான் இப்போதைய அணி வந்தது.

கோல் கீப்பரை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் எறிபந்து ஆடியவர். அந்த ஆட்டத்தில் பந்தைப் பிடித்து மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். அதனால் கை பிசகாது, பிடித்த வேகத்திலேயே பந்து வெளியே போய்விடும். கீப்பர் எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று 2025-இல் விதி மாறியபோது மற்ற அணிகள் கவலைப்பட்டன, நமக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. அவருடைய குறை காலில். கோல் கிக் அடித்தால் நடுக்கோட்டைத் தாண்டாது. போன ஆண்டு நாம் வாங்கிய கோல்களில் பல அப்படித் திரும்பி வந்த பந்தில்தான். 2019-இல் வந்த விதிப்படி கோல் கிக் பெனால்டி பகுதியைத் தாண்ட வேண்டியதில்லை, உள்ளேயே நம் ஆள் வாங்கலாம். இப்போது ஸ்டாப்பர் (கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாளர்) கோல் கிக்கைப் பக்கத்தில் நிற்கும் தோழிக்குத் தட்டிவிடுகிறார், ஆட்டம் தரையோடு தொடங்குகிறது. கீப்பரின் காலைத் திருத்துவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது திருந்தும் வரை அணி காத்திருக்கவில்லை.

அந்த ஸ்டாப்பர் கபடியில் இருந்து வந்தவர். ரைடு வருபவர் முதலில் அசையட்டும் என்று காத்திருக்கும் பொறுமை கபடியில் ஊறியது. எதிரணி முன்கள வீராங்கனை இப்படி அப்படி ஏமாற்றினாலும் இவர் பாய்வதில்லை, பக்கவாட்டில் கால் வைத்துக்கொண்டே ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். சிக்கல் என்னவென்றால் பிடிக்கும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. ஆள் தாண்டப் பார்த்தால் சட்டையைப் பிடித்துவிடுவார். "அக்கா, கை தானா போகுது" என்பார். கோச் அக்கா இரண்டு டென்னிஸ் பந்து வாங்கி வந்து, ஒவ்வொரு கையிலும் ஒன்றைக் கொடுத்து, அதைக் கீழே விடாமல் தடுப்பாட்டம் ஆடச் சொன்னார். கைக்கு வேறு வேலை இருந்தால் பிடிக்காது அல்லவா? முதல் வாரம் மைதானம் முழுக்க டென்னிஸ் பந்தாக உருண்டது. அப்புறம் குறைந்தது. பெனால்டி பகுதிக்கு அருகே நாம் கொடுக்கும் ஃப்ரீ கிக்குகளும் கூடவே குறைந்தன.

குடியாத்தத்தில் இருந்து பஸ்ஸில் வந்து போகும் இடதுகால் வீராங்கனையை நாம் வலது ஓரத்தில் ஆடவைத்திருந்தோம். காரணம் கேட்டால் யாருக்கும் தெரியாது, முதல் நாள் அங்கே நின்றார், அவ்வளவுதான். ஓரத்தில் ஓடி கிராஸ் போடுவதுதான் அவருக்குப் பிடித்த ஆட்டம். வலப்பக்கம் நின்றால் பந்தை இடதுகாலுக்கு மாற்றுவதற்குள் தடுப்பாளர் வந்துவிடுவார். இடப்பக்கம் மாறியதும் ஓட்டத்தை நிறுத்தாமலே கிராஸ் வருகிறது.

நூறு மீட்டர் ஓட்டக்காரியான ஸ்ட்ரைக்கர்தான் எல்லோருக்கும் தெரிந்த நட்சத்திரம். அவருக்கு வந்த வியாதி ஆஃப்சைட், அதாவது பாஸ் புறப்படும்போதே எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நிற்கும் பிழை. விசிலுக்கு முன்பே கிளம்பும் ஆள்போல, பாஸ் காலை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே ஓடிவிடுவார். நேராக ஓடாமல் தடுப்பாட்டக் கோட்டுக்கு இணையாகக் கொஞ்ச தூரம் ஓடி வளைந்து உள்ளே நுழையப் பழக்கியிருக்கிறார்கள். த்ரோ இன் ஆனால் அந்தத் தொல்லையும் இல்லை, அதில் ஆஃப்சைட் கிடையாது. எனவே நம் த்ரோ இன் என்றால் அவர் தாராளமாகத் தடுப்பாளர்களின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கலாம்.

ஆனால் அந்தத் தகப்பனாருக்கு நான் காட்ட விரும்புவது வேறொருவரை. நடுக்களத்தில் ஆடும் குட்டையான பெண், ஓட்டத்தில் அணியிலேயே கடைசி. போன ஆண்டு பெரும்பாலும் பெஞ்சில் இருந்தார். அடுத்த ஆட்டத்தில் அவரை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். பந்து தன்னிடம் வரும் முன்பே ஒருமுறை இடத்தோளுக்கு மேலாகவும் ஒருமுறை வலத்தோளுக்கு மேலாகவும் திரும்பிப் பார்ப்பார். பந்து காலுக்கு வரும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு டச், அடுத்தது பாஸ். ஓட்டக்காரி ஓடுவதற்குப் பந்து சரியான நேரத்தில் போக வேண்டும், அதைப் போடுவதற்கு ஆள் வேண்டும். நாம் தோற்றதற்குக் காரணம் அந்த ஆளை உட்காரவைத்துவிட்டு ஓடுகிறவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. இப்போது அணி 4-2-3-1 ஆக, தடுப்பாளர்களுக்கு முன்னால் இருவர் சேர்ந்து நிற்பதாகத் தெரிவதும் இவருக்காகத்தான். பக்கத்தில் ஓடி உழைக்கும் ஒருவரைத் துணைக்கு வைத்தால்தான் இவருக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்கும்.

அடுத்து வெயில். வேலூர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. டிவியில் பார்க்கும் ஐரோப்பிய அணிகளைப்போல ஆட்டம் முழுக்க எதிரணியை விரட்டி நெருக்கினால் இடைவேளைக்குள் நம் பிள்ளைகள் சுருண்டுவிடுவார்கள். அதனால் நெருக்குவதற்கு மூன்று நேரம்தான் குறித்திருக்கிறார்கள்: எதிரணித் தடுப்பாளர் தன் கோலைப் பார்த்துத் திரும்பி நின்று பந்தை வாங்கும்போது, அவர்கள் தங்கள் பாதியில் த்ரோ இன் எடுக்கும்போது, யாராவது டச்சைச் சொதப்பும்போது. மற்ற நேரம் நடுக்கோட்டருகே இறங்கி, நெருக்கமாக நின்று, ஓடவேண்டியதை எதிரணிக்கு விட்டுவிடுவது. ஓரத்தில் நின்று "ஏம்மா நிக்கற, போ போ" என்று கத்தும் சங்க உறுப்பினர்கள் (நானும் கத்துகிறவன்தான்) தயவுசெய்து கவனிக்கவும், அவர்கள் நிற்பது திட்டப்படி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சென்னை அணி ஒன்றிடம் மோசமாகத் தோற்றோம். நம் இடது விங்கர் மேலே போனால் திரும்பி வருவதில்லை என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். பந்தை அவர்கள் இடப்பக்கம் வைத்து நம் ஆட்களை அங்கே இழுத்து, ஒரே நீளப் பாஸில் எதிர்ப்பக்கம் மாற்றினார்கள். அங்கே நம் இடது பேக் ஒற்றை ஆளாக இருவரைச் சமாளித்துக்கொண்டிருந்தார். இடைவேளைக்குப் பிறகு விங்கரை மாற்றச் சொல்லிப் பலர் சொன்னோம். கோச் அக்கா மாற்றவில்லை, உழைப்பாளி மிட்ஃபீல்டரை இடப்பக்கம் நகர்த்தி அந்த ஓட்டையை மூடினார். அதன்பின் கோல் வாங்கவில்லை. விங்கர் இறங்கி வரப் பழக வேண்டும் என்பது இன்னும் பாக்கி.

கார்னரில் தலையால் முட்டுவதில் நாம் பலவீனம். கண்ணை மூடிக்கொள்கிறார்கள். இப்போதைக்குப் பந்தைத் தூக்கி அடிக்காமல் பக்கத்தில் நிற்பவருக்குத் தட்டிவிடும் ஷார்ட் கார்னர்தான்.

உயரமில்லை, உடம்பில்லை என்று நம்மூர்ப் பெண்களைப் பற்றிச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாடு மகளிர் அணி தேசிய சீனியர் சாம்பியன்ஷிப்பை 2018-இல் மணிப்பூரையும் 2023-இல் ஹரியானாவையும் இறுதியில் வென்று எடுத்தது. மதுரை சேது எஃப்சி 2018–19-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் என்ற நடுக்கள வீராங்கனை அடித்தவை. மறுநாள் காலைப் பயிற்சியில் எல்லோருக்கும் நடுக்களத்தில் ஆட ஆசை வந்துவிட்டது, அது வேறு கதை.

காயம் பற்றிச் சுருக்கமாக. முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் நடக்கிறது. எனவே ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிடத் தயார்ப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. தாமதமாக வருபவர் அதை முடிக்காமல் பந்தைத் தொடக் கூடாது. பாலாற்று மணலில் ஓடவிட்டால் போதுமே என்று மூத்த உறுப்பினர்கள் சொல்கிறார்கள். முதலில் ஆற்றில் மணல் இருக்கட்டும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: இரண்டாவது கீப்பர் ஒருவரை எறிபந்து, கூடைப்பந்து ஆடும் பெண்களிடையே தேடுவது, மாலைப் பயிற்சியைக் கடைசி பஸ்ஸுக்கு ஏற்றபடி அரை மணி முன்னதாகத் தொடங்குவது, ஸ்டட் ஷூ வாங்க ஒரு தொகை ஒதுக்குவது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உலகத்துக்கே ஷூ தைக்கிறார்கள். நம் பிள்ளைகளின் சின்ன அளவுக்குக் கால்பந்து ஷூ கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. உறுப்பினர்களில் தோல் தொழிலில் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
வேலூர்