பழைய ஜிபிஎஸ் வாங்கிய நண்பனுக்கு

முட்டம்
ஞாயிறு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து பென்ஷனும் வாங்கிய பிறகு, மருமகனோடு பங்கு சேர்ந்து வள்ளம் எடுத்திருக்கிறாய். கூடவே பழைய கார்மின் ஜிபிஎஸ் பெட்டி ஒன்றும் வாங்கியிருக்கிறாய். உன் மைனியிடம் படித்துக் காட்டினேன். "அந்த மனுசனுக்குக் கரையில இருப்பு கொள்ளாது" என்றாள். இங்கே கச்சான் காற்று ஓய்ந்து கணவாய் வரத்து தொடங்கிவிட்டது. எனக்கு முட்டுவலி அப்படியேதான். இளையவள் நர்சிங் முடித்துவிட்டாள், வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள்.

நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். அந்தச் சாமானை எப்படிப் பழகுவது என்பது ஒன்று. வாங்கும்போதே அதற்குள் இருந்த பாயிண்டுகளை, அதாவது பழைய ஆள் பதிந்து வைத்த இடங்களின் எண்களை, நீ எடுத்துக்கொள்ளலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய கேள்வி. முதலாவதை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

சிம் போட வேண்டுமா என்று மருமகன் கேட்டதாக எழுதியிருந்தாய். சிம் வேண்டாம், டவர் வேண்டாம், மாதக் கட்டணமும் கிடையாது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நான்கின் சிக்னல் கிடைத்தால் போதும், நீ இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். வானம் மறைவில்லாமல் தெரிய வேண்டும், வள்ளத்தில் அதற்கா பஞ்சம்? பல மாதம் அணைந்து கிடந்த பெட்டி முதல் தடவை இடம் பிடிக்க 10 நிமிடம்கூட எடுக்கும். கெட்டுப்போனதை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதே, கரையிலேயே திறந்த வெளியில் வைத்துவிட்டுப் பொறுமையாக இரு. தொண்ணூறுகளில் வாங்கினவர்கள் "இது பொய் சொல்லும்" என்று திட்டுவார்களே, அதில் நியாயம் உண்டு. 2000 மே மாதம் வரை அமெரிக்காக்காரன் வேண்டுமென்றே சிக்னலில் பிழை கலந்து விட்டான், 100 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். இப்போது சில மீட்டர்தான் பிசகும்.

இனி முக்கியமான இடம். செட்டிங்கில் பொசிஷன் ஃபார்மட் என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து பார்க்காமல் ஒரு எண்ணையும் உள்ளே போடாதே. ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம்: டிகிரியாக, டிகிரியும் நிமிடமுமாக, டிகிரி நிமிடம் விநாடியாக. இங்கே வள்ளக்காரர்கள் பெரும்பாலும் டிகிரி, நிமிடம், அதன்பின் புள்ளி வைத்து மூன்று இலக்கம் என்றுதான் வைத்திருக்கிறோம். 8° 02.500' என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள். அதை வாயால் சொல்லும்போது "எட்டு, ரெண்டு, அம்பது" என்று சுருக்கிவிடுவார்கள். கேட்கிறவன் பெட்டியில் விநாடிக் கணக்கு இருந்தால் 2 நிமிடம் 50 விநாடி என்று போடுவான். ஆனால் 02.500 என்பது 2 நிமிடம் 30 விநாடிதான். வித்தியாசம் 20 விநாடி. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1852 மீட்டர். அப்படியானால் 20 விநாடி 600 மீட்டருக்கு மேல். மீன் நிற்கும் கடலடிப் பாறைத் திட்டுகளான நம் பார்களில் பாதிக்கு நூறு மீட்டர் அகலம்கூட இருக்காது. 600 மீட்டர் தள்ளிப் போய் நின்று தூண்டில் போட்டால் சேறுதான் வரும்.

ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் வெளியிடும் மீன்வள அறிவிப்பை நீயும் பார்ப்பாய் என்று நினைக்கிறேன். கடல்மேல் வெப்பத்தையும் பாசியின் நிறத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்று கொடுக்கிறார்களே, அதில் இடத்தை டிகிரி நிமிடம் விநாடியாகத்தான் போடுவார்கள். அதை நம் பெட்டியில் ஏற்றும்போது விநாடியை 60-ஆல் வகுத்து நிமிடத்தோடு சேர்க்க வேண்டும். மருமகனுக்கு இந்த ஒரு கணக்கை நன்றாகச் சொல்லிக் கொடு. அப்புறம் மேப் டேட்டம் என்று இன்னொரு செட்டிங் இருக்கும், எந்த வரைபடக் கணக்கை வைத்து இடத்தைச் சொல்வது என்பதற்கு. அது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று இருக்கட்டும். பழைய ஆள் வேறு எதையாவது வைத்திருந்தால் சில நூறு மீட்டர் ஆளை ஏமாற்றிவிடும்.

ஓட்டும்போது திரையில் வரும் அம்பைத் துரத்தாதே. பெட்டியில் பேரிங், கோர்ஸ் என்று இரண்டு எண் வரும். பேரிங் என்பது பார் இருக்கும் திசை. கோர்ஸ் என்பது வள்ளம் உண்மையில் போய்க்கொண்டிருக்கும் திசை. பேரிங் 205, கோர்ஸ் 218 என்று காட்டினால் நீரோட்டம் உன்னை மேற்கே தள்ளுகிறது என்று அர்த்தம். வள்ளத்தின் முன்முனையான அணியத்தைக் கிழக்கே கொஞ்சம் மடக்கிப் பிடி, கோர்ஸும் 205-க்கு வரும். அணியத்தை எப்போதும் அம்புக்கு நேராகவே வைத்துக்கொண்டு போனாலும் பாரில் போய்ச் சேரத்தான் செய்வாய், ஆனால் வில்லாக வளைந்து போவாய். மண்ணெண்ணெய் விற்கிற விலையில் அது நமக்குக் கட்டாது. வள்ளம் நின்றுவிட்டால் திசை தாறுமாறாகச் சுற்றும், பயப்படாதே. காந்த ஊசி இல்லாத பெட்டிக்கு வள்ளம் நகர்ந்தால்தான் திசை தெரியும்.

திரும்பி வரும்போது துறைமுகத்துக்கு நேராக 'கோ டூ' போட்டால் அது நேர்கோடு மட்டும்தான் காட்டும். நடுவில் கல் இருக்கிறதா, தீவு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. உன் பக்கம் இது ரொம்ப முக்கியம். விலங்குசல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது, ராத்திரியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. போன தடத்தைப் பெட்டி தானே பதிந்து வைத்திருக்கும், அதைப் பிடித்தே வா. 1986-இலிருந்து மன்னார் வளைகுடாவின் அந்த 21 தீவுகளும் தேசியப் பூங்கா வேறு. தீவுகளை மார்க் பண்ணி ப்ராக்சிமிட்டி அலாரம் வைத்துவிட்டால், கிட்டே போகும்போது கத்தும். தொல்லையும் இல்லை, கேஸும் இல்லை.

ஒன்றை மட்டும் வீட்டுப் பெண்களிடம் தெளிவாகச் சொல்லிவிடு. "ஜிபிஎஸ் இருக்குல்லா, தேடிக் கண்டுபிடிச்சிருவாவ" என்று இங்கே இன்னமும் நினைக்கிறார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோதும் இதைத்தான் எல்லா வீட்டிலும் கேட்டேன். இந்தப் பெட்டிக்குக் காது உண்டு, வாய் கிடையாது. நாம் எங்கே இருக்கிறோம் என்று நமக்குத்தான் சொல்லும், கரைக்குச் சொல்லாது. அதற்கு வயர்லெஸ் வேண்டும், அல்லது அபாயச் செய்தி அனுப்பும் தனிக் கருவி வேண்டும். கரையிலிருந்து கடலோரக் காவல் படையைக் கூப்பிட 1554. பெட்டியில் எம்.ஓ.பி. என்று ஒரு பட்டன் இருக்கும். ஆள் தண்ணீரில் விழுந்தால் அதை அழுத்திப் பிடித்தால் போதும், விழுந்த இடத்தை அப்போதே பதிந்து அந்தப் பக்கம் திரும்பச் சொல்லும். வள்ளத்தில் வருகிற எல்லோருக்கும் அந்த பட்டன் தெரிந்திருக்கணும், சின்னப் பையனுக்கும்.

சரி, பாயிண்டுகளுக்கு வருவோம். பெட்டிக்குள் பழைய ஆளின் எண்கள் கிடக்கின்றன, அவற்றை வைத்துத் தொழில் செய்தால் திருட்டாகுமா என்று கேட்டிருக்கிறாய். நீ கேட்பாய் என்று எனக்குத் தெரியும். நாம் பார்த்து வளர்ந்தது அப்படி. பெரியப்பாவின் பார் நினைவிருக்கிறதா? வேளிமலையின் மொட்டையும் நம் கோயில் கோபுரமும் ஒன்றாகச் சேர வேண்டும், கிழக்கே அந்தத் தென்னந்தோப்பு மலையடிவாரத்தை விட்டு விலக வேண்டும். கரையைப் பார்த்து வைக்கும் இந்த அடையாளக் கோடுதான் கணியம்; இரண்டு கணியமும் குறுக்கே வெட்டும் இடத்தில் நங்கூரக் கல் போடுவார். பின்னால் யாராவது வந்தால் வெறும் தண்ணீரில் வலையைப் போட்டு உட்கார்ந்திருப்பார், பாருக்குப் போகவே மாட்டார். மகனுக்குக்கூட அவன் தனியாகக் கடலுக்குப் போகிற வயது வந்த பிறகுதான் காட்டினார். இப்போது அதே பார் எண்ணாகிவிட்டது. டீக்கடையில் வைத்துவிட்டுப் போன பெட்டியை எடுத்து ஒருத்தன் கண நேரத்தில் எழுதிக்கொள்கிறான். அதனால்தான் பையன்கள் பாரில் நிற்கும்போது இன்னொரு வள்ளம் கிட்டே வந்தால் பெட்டிமேல் துண்டைப் போட்டு மூடுகிறார்கள். பழைய பெட்டியை விற்கும்போது சிலர் எண்களை அழித்துவிட்டுக் கொடுக்கிறார்கள், சிலர் அதற்கென்று தனியாக விலை பேசுகிறார்கள்.

உனக்கு விற்றவர் அழிக்காமல் கொடுத்திருக்கிறார். தெரிந்துதான் கொடுத்தாரா என்று ஒரு தடவை கேட்டுவிடு. கேட்பது மரியாதை. இனி தொழிலுக்கு வரப்போவதில்லை என்றால், எந்த எண் எதற்கு என்று அவரே சொல்லவும் கூடும். கடல் யார் சொத்தும் இல்லை, அதனால் திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்களை நம்பிக் குதித்துவிடாதே. 001, 002 என்று பெட்டி தானாகப் போட்ட பெயர்கள்தான் இருக்கும். அதில் ஒன்று விளமீன் நிற்கும் பாராக இருக்கலாம், ஒன்று மூழ்கிப்போன சரக்குப் படகில் அவர் வலை கிழிந்த இடமாக இருக்கலாம், இன்னொன்று சட்டைப்பையில் அழுந்திப் பதிந்ததாகவும் இருக்கலாம். எண்ணைப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். எந்த மாதம், எந்த நீரோட்டத்தில், எத்தனை பாகம் ஆழத்தில், எந்த இரைக்கு என்பதெல்லாம் அந்த மனிதரோடு போயிற்று.

அதனால் ஒவ்வொன்றாகப் போய்ப் பார். என்ஜினை அணைத்துவிட்டு ஈயக்குண்டை இறக்கு. கொஞ்சம் கனமான குண்டாகவே கட்டு. 30 பாகத்தில் லேசான குண்டு நீரோட்டத்தில் சாய்ந்து போய்விடும், வள்ளம் ஒரு இடத்தில் இருக்கும், குண்டு வேறு இடத்தில் கிடக்கும். சேற்றில் 'பொத்'தென்று அமுங்குவது விரலுக்குத் தெரியும். வள்ளத்தை மிதக்க விடு. குண்டு முதலில் 'டக்' என்று கல்லில் தட்டும் நொடியில் ஒரு மார்க் போடு, மறுபடி சேறு வந்ததும் இன்னொன்று. அடுத்து முதல் தடத்துக்குக் குறுக்காக இதே மாதிரி ஒரு தடவை. நான்கு புள்ளியையும் திரையில் பார்த்தால் பார் எப்படிப் படுத்திருக்கிறது, எவ்வளவு நீளம் என்று புரிந்துவிடும். நங்கூரத்தை நீரோட்டத்துக்கு மேலே எங்கே போட்டால் வள்ளம் சரியாகப் பார்மேல் வந்து நிற்கும் என்பதும் தெரிந்துவிடும். அதன்பிறகு அந்த மார்க்குக்கு நீயே பெயர் வை. எழுத்து ஆங்கிலத்தில்தான் வரும். நான் மீனின் முதல் எழுத்தும் ஆழமும் வைக்கிறேன். மாதத்தையும் இரையையும் நோட்டில் எழுதிவிடுவேன். நோட்டு கட்டாயம் வேண்டும், மக்கா. உப்பு ஏறிப் பெட்டி செத்தால் உள்ளே இருந்ததெல்லாம் போச்சு.

கிறிஸ்துமஸுக்கு வருவாய் அல்லவா? மருமகனையும் கூட்டிக்கொண்டு வா, பெட்டியையும் கொண்டு வா. பெரியப்பா பாரின் எண்ணை இந்தக் கடிதத்தில் எழுதி அனுப்புவேன் என்று எதிர்பார்க்காதே. தபால்காரர் நம் ஊர்க்காரர்தான். வந்தால் விடியற்காலையில் வள்ளத்திலேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன், வானம் தெளிந்திருந்தால் கணியமும் பார்க்கலாம்.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி

பி.கு.: கடலுக்குப் போகாத நாட்களில் பேட்டரி இரண்டையும் கழற்றி வை. உள்ளே பச்சையாகப் பூத்திருந்தால் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்துவிட்டு அப்புறம் போடு.