வாசிகசாலையின் நூற்பட்டியல் செய்நிரலுக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

ஹற்றனை அண்டிய எமது தோட்ட வாசிகசாலையின் நூற்பட்டியல் செய்நிரல், சி என்னும் நிரலாக்க மொழியில் எழுதப்பட்டு, லினக்ஸ் பணிசெயல் முறைமை கொண்ட கணினி ஒன்றில் நன்றாக இயங்கிவந்தது. ஆனால், சுற்றியுள்ள பாடசாலைகளின் கணினிகளில் இருப்பது விண்டோஸ். அங்கும் அது இயங்குவதற்காகக் கைம்மாறு கருதாது உழைத்த அனைவருக்கும் வாசிகசாலைக் குழு மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது.

முதல் நன்றி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் எமது தோட்டத்துப் பிள்ளைகள் இருவருக்கு உரியது. விண்டோஸுக்கெனத் தனிப் பிரதி ஒன்றை எழுதித் தந்திருந்தால் அவர்களது வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் விடுபட்டு, காலப்போக்கில் இரண்டும் வெவ்வேறு செய்நிரல்களாகிவிடும் என்று எடுத்துச்சொல்லி, எழுதிய ஒரே மூலநிரலையே இரு பணிசெயல் முறைமைகளிலும் தொகுக்க, அதாவது கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்ற வேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக நின்றார்கள். எமக்குக் கிடைத்த உதவிகளுள் இந்த உறுதியையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

மழைக்காலத்தில் இங்கு இணையம் நிலைத்திருப்பதில்லை என்பதால், லினக்ஸ் பாணிக் கருவிகளை விண்டோஸில் பயன்படுத்த உதவும் எம்சிஸ்2 தொகுதியையும் அதற்குரிய ஜிசிசி தொகுப்பியையும் மேக் கருவியையும் பென்டிரைவில் ஏற்றி ரயிலில் கொண்டுவந்தார்கள். 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக், மாறிய கோப்புகளையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டுமே மீண்டும் தொகுக்கிறது. பழைய, வேகம் குறைந்த கணினிகளை வைத்திருக்கும் எமக்கு இது பெரும் ஆறுதல். தான் இயங்குவது விண்டோஸிலா, லினக்ஸிலா என்று பார்த்து உரிய தெரிவுகளைத் தானே எடுத்துக்கொள்ளும் விதமாக, மேக் பின்பற்றும் கட்டளைகள் அடங்கிய மேக்ஃபைல் என்னும் கோப்பையும் அவர்களே எழுதினார்கள்.

பண்டாரவளையிலிருந்து வந்துதவிய கணினி ஆசிரியருக்கு நாம் மிகவும் கடமைப்பட்டுள்ளோம். விண்டோஸில் செய்நிரல் வழுவின்றித் தொகுக்கப்பட்டபோதும், லினக்ஸிலிருந்து கொண்டுவந்த தரவுக்கோப்பைத் திறந்தால் பதிவுகள் நிலைகுலைந்து தெரிந்தன. முழுவெண்களைச் சேமிக்கும் ‘லாங்’ என்னும் தரவு வகை, 64 பிற்று லினக்ஸில் 8 பைற்றுகளையும் (ஒரு பைற்று என்பது 8 பிற்று) விண்டோஸில் 4 பைற்றுகளையும் கொள்வதே காரணம் என்று கண்ட ஆசிரியர், பதிவிலக்கத்துக்கு இரண்டிலும் 64 பிற்று அளவே அமையும் முழுவெண் வகையைப் பயன்படுத்தச் செய்தார். அதன்பின் பட்டியல் சரியாக வந்தது, ஆனால் 25ஆம் நூலோடு நின்றுவிட்டது. கோப்பைப் பதினறும எண்களாக விரித்து, 26ஆம் பதிவிலக்கத்தின் முதற் பைற்றாகிய 1ஏ (26இன் பதினறும வடிவம்) என்பதை அவர் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டினார். உரைக்கோப்பாகத் திறந்தால் விண்டோஸில் அந்தப் பைற்று கோப்பின் முடிவாகக் கொள்ளப்படும். ஆகவே கோப்பைத் திறக்கும் கட்டளையில் ‘ஆர்’ என்றிருந்த இடத்தில் ‘ஆர்பி’ என்று எழுதி இருமக் கோப்பாகத் திறந்ததும் எல்லா நூல்களும் வந்துசேர்ந்தன. அன்று அந்தத் திரையைச் சூழ்ந்து நின்ற உயர்தர மாணவர்கள், பாடப்புத்தகத்தில் படித்த பைற்று என்ற ஒன்றைக் கண்ணாலேயே பார்த்தார்கள்.

பரிசோதனைக்காகத் தம் விண்டோஸ் கணினிகளை இரவல் தந்த ஹற்றன் கடைக்கார ஐயாவுக்கும், வார இறுதிகளில் தேநீரும் ரொட்டியும் அனுப்பிய மாதர் சங்கத்தினருக்கும், இத்தகைய கருவிகளை உலகுக்கு இலவசமாக வழங்கிவரும் தன்னார்வலர்களுக்கும் எமது நன்றிகள்.

மூலநிரலும் மேக்ஃபைலும் வாசிகசாலையில் உள்ளன. விரும்பும் தோட்டப் பாடசாலைகள் பென்டிரைவுடன் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
வாசிகசாலைக் குழுவினர்