வளையல்

அன்பு மீனாவுக்கு,

ஸ்டேட்டஸில் நீ கரண்டியோடு ஆடியதைப் பார்த்தோம். அப்பா திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். "நம்ம பிள்ளை எவ்வளவு ஜாலியா இருக்கு பாரு" என்று கோப்பிக்கடைக் கூட்டாளிகளிடமும் காட்டியாச்சு. பெரியம்மாவும் பார்த்துவிட்டாள். என்ன சொல்லியிருப்பாள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

'அடி என்னடி உலகம்' உனக்கு எங்கே கிடைத்தது? 1974இல் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. 'அவள் ஒரு தொடர்கதை'யில் குடும்பத்தையே சுமக்கிற கவிதாவாக சுஜாதா வருவார். ஆனால் இந்தப் பாட்டு அவளுக்கு இல்லை, எதற்கும் அலட்டிக்கொள்ளாத அவள் தோழிக்கு. எல்.ஆர். ஈஸ்வரியின் குரலைக் கேட்டால் நமக்கும் எல்லாம் தூசு மாதிரி இருக்கும். கோரஸில் பாடிக்கொண்டிருந்தவர், 1961இல் 'வாராய் என் தோழி' பாடி வீட்டுக்கு வீடு தெரிந்தார். எழுபது தாண்டி, 2011இல், 'கலாசலா' பாடினாரே, ஞாபகம் இருக்கா? பாலிடெக்னிக்குக்கு நேரமாகியும் நீ கண்ணாடி முன்னால் ஆடினாய். என்ன பாட்டு இது என்று அப்பா கத்த, ஆடி மாசம் நீங்கள் கும்பிடுகிற மாரியாத்தா பாட்டும் இந்த அம்மா குரல்தான் என்றேன். கப்சிப்.

நீ அந்த ரகம்தான். விழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நிற்பாய். எனக்கு அதில் பெருமைதான்.

ஒன்று மட்டும். கையைத் தூக்கும்போது வளையல் முழங்கை வரைக்கும் போனது. சிராங்கூன் ரோடு கடையில் அதைச் சோப்பு போட்டுத்தானே ஏற்றினோம்? நீ வலிக்குது என்று கத்த, கடைக்காரர் சிரித்தாரே. ஒழுங்காகச் சாப்பிடு. மெல்பர்ன் குளிருக்கு ரொட்டியும் காப்பியும் போதாது. ரசப்பொடி அனுப்பினேன், பிரித்தாயா? ஒருத்திக்குச் சமைக்கச் சோம்பலாகத்தான் இருக்கும். இருந்தாலும் சோறு வடி. சாப்பிடு.

அவர் பேச்சை நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன்.

ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு நீ ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. எல்லாம் குரல் செய்திதான். எல்லாவற்றிலும் சிரிப்பு, "நான் சூப்பரா இருக்கேன்மா". பதினைந்து விநாடியில் முடிந்துவிடும். ஊருக்கெல்லாம் ஆடிக் காட்ட நேரம் இருக்கிறது, பெற்றவளிடம் பேச நேரம் இல்லையா?

அண்ணன் அரசாங்கத்தில் பதிந்து வைத்திருந்த பிடிஓ புது வீட்டுக்குச் சாவி கிடைத்துவிட்டது. பொங்கோல். மற்றதை அவனே சொல்வான்.

அந்தப் பாட்டுக்கு ஆடிய பெண் ஜெயலட்சுமி. படத்தில் எதற்கெடுத்தாலும் 'படாபட்' என்பாள், அதுவே பேரோடு ஒட்டி 'படாபட்' ஜெயலட்சுமி ஆனாள். அவள் சிரிப்பைப் பார்த்து நாங்கள் பொறாமைப்பட்டோம். 1980இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். சின்னப் பெண். இத்தனை சிரிப்புக்குள் என்ன இருந்ததோ என்று அப்போது எல்லாரும் பேசினார்கள். இதை எதற்கு இப்போது எழுதுகிறேன் என்று கோபப்படாதே. உன் ஆட்டத்தைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

நீ நன்றாகத்தான் இருப்பாய். எனக்குத் தெரியும். ஆனாலும் சாப்பிடு.

கடப்பிதழைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். சும்மாதான், காலாவதியாக இருந்தது. வா என்றால் வருவேன், வேண்டாம் என்றால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒன்பது மணிக்கு ஈசூன் முருகன் கோவிலுக்குப் போனால் பதினொன்றுக்குத்தான் திரும்புவார். வீட்டில் நான் மட்டும்தான். உனக்கு அப்போது மத்தியானமாக இருக்கும். அந்த நேரம் கூப்பிடு. சிரிக்க வேண்டாம், பேச வேண்டும் என்றுகூட இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு இரு. நானும் இருப்பேன்.

அம்மா