நீ அனுப்பிய நான்கு இலைகள்

திருப்பாலை, மதுரை
ஏப்ரல் 9

அன்புள்ள கணேசனுக்கு,

உன் தொட்டி மல்லிகைக்கு என்ன நோய் என்று கேட்டு நீ அனுப்பிய உறை வியாழக்கிழமை வந்தது. பிரித்தவுடன் கடிதத்துக்கு முன்னால் நான்கு மல்லிகை இலைகள் மடியில் விழுந்தன. "இந்த வயதில் இலை வைத்துக் கடிதம் எழுதுகிறவர் யார்?" என்று சரோஜா எட்டிப் பார்த்தாள். உன் கையெழுத்தைக் கண்டதும், "அவரா! பூவைப் பறித்து வைத்துக்கொண்டு இலையை மட்டும் நமக்கு அனுப்புகிறாரா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பள்ளியில் படிக்கும்போது தபால்தலை பார்க்க நாம் பங்கு போட்டு வாங்கிய பூதக்கண்ணாடி இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. பிடி உடைந்துவிட்டது, கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இலையின் மேற்புறம் முழுக்க ஊசிமுனையால் குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள். அவை நெருங்கிய இடத்தில் இலையே சாம்பல் பூத்ததுபோல இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் நடு நரம்பை ஒட்டி, தலைமயிரைவிட மெல்லிய நூலாம்படை. அதில் மாவு சிந்தியதுபோல வெள்ளைத் துகள்கள். மாவு அல்ல, உரித்துப் போட்ட சட்டைகள். நீ நினைக்கிறபடி சத்துக் குறைவும் இல்லை, உன் மகன் சொல்கிறபடி பூஞ்சணமும் இல்லை. இலைச் சாற்றை உறிஞ்சும் சிலந்திப் பேன்.

என் பேச்சில் நம்பிக்கை இல்லாவிட்டால் நீயே பார்த்துவிடு. ஒரு கிளையை வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்து இரண்டு தட்டு தட்டு. விழுந்த தூசியை ஒரு நிமிடம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிரு. தூசி கிடந்த இடத்தில் கிடக்கும், அதில் சில மட்டும் நடக்க ஆரம்பிக்கும். விரலால் தேய்த்தால் துருநிறத்தில் ஒரு கோடு இழுக்கும். அதற்கு எட்டுக் கால், பூச்சியினத்தில் சேராது. அதனால்தான் நீ அடித்த பூச்சிமருந்து அதை ஒன்றும் செய்யவில்லை. அதைத் தின்ன வந்த பொறிவண்டுகளைத்தான் கொன்றிருக்கும்.

உன் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய், ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் தொட்டி இருக்கிறது என்று. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி, திருச்சி வெயில், ராத்திரி முழுக்க வெக்கைக் காற்று. சிலந்திப் பேனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வெயில் காலத்தில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு வர அதற்கு ஒரு வாரம் போதும். முதலில் தொட்டியை அங்கிருந்து நகர்த்து. யூரியா போடுவதை நிறுத்து. தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறிய இளந்தளிர் என்றால் பேனுக்குக் கொண்டாட்டம்.

மருந்து என்ன என்று கேட்டிருக்கிறாய். தண்ணீர். கேலி செய்யவில்லை. காலையில் குழாயை வைத்து இலையின் அடிப்புறத்தில் படும்படி வேகமாகப் பீய்ச்சு. மூன்று நாள் தொடர்ந்து, பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்று வாரம் விடாமல். முட்டை பொரிந்து வருகிறவற்றையும் கழுவித் தள்ள வேண்டும் அல்லவா? கடைக்காரர் நனையும் கந்தகத்தூள் தருவார், லிட்டருக்கு 2 கிராம் என்பார். நல்ல மருந்துதான். ஆனால் நீ போன ஞாயிற்றுக்கிழமைதான் வேப்பெண்ணெய் அடித்ததாக எழுதியிருக்கிறாய். எண்ணெய் பட்ட இலையில் இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டால் கருகிவிடும். எண்ணெய் படாவிட்டாலும் இந்தக் கோடை வெயிலில் கந்தகம் அடிக்க நான் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு அதிகாரமாக எழுதுகிறேனே, என் வீட்டுச் செடியில் நான் அடித்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் சரோஜாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள், வாசலில் நின்று, "மல்லிச் செடி என்ன இப்படி மஞ்சளாக நிற்கிறது?" என்றாள். "புதுக் கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு நான் பேப்பர் படிக்கப் போய்விட்டேன். ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொன்னபோதுதான் கிட்டே போய்ப் பார்த்தேன். புரை அவள் கண்ணில் இருந்ததா என் கண்ணில் இருந்ததா என்று நீயே தீர்ப்புச் சொல்.

பார்த்ததும் செடிக்குப் பசி என்று முடிவு கட்டினேன். ஒரு கை டிஏபி உரம் வைத்தேன். மஞ்சள் அதிகமானது. தண்ணீர் போதவில்லையோ என்று காலையும் மாலையும் விட்டேன். இன்னும் அதிகமானது. பக்கத்தில் ஒரு நர்சரியில் விசாரித்தால், இலையைப் பார்க்காமலேயே ஒரு டானிக் பாட்டிலை நீட்டினார்கள். அதையும் ஊற்றினேன்.

பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். அடி இலைகள் பச்சையாகவே இருந்தன. நுனித் தளிர்கள்தான் எலுமிச்சை நிறத்தில் வெளுத்திருந்தன; அந்த வெளுப்பில் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக, ஆறும் வாய்க்காலும் வரைந்த வரைபடம்போலத் தெரிந்தன. தழைச்சத்தோ மக்னீசியமோ குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். இரும்பை அப்படி இடம் மாற்றச் செடியால் முடியாது. தளிர் வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை.

மண்ணில் இரும்பு இல்லாமலா? மதுரைச் செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம்? அங்கேதான் எனக்கு உறைத்தது. இந்த வீடு கட்டி முடித்தபோது வாசல் பள்ளத்தைக் கட்டட இடிசலை வைத்துத்தான் நிரப்பினார்கள். அதன் மேல் கொஞ்சம் செம்மண், அதில்தான் செடி. கழிவறை கழுவும் ஆசிட்டில் ஒரு சொட்டை அந்த மண்ணில் விட்டேன். சோடா திறந்ததுபோல நுரைத்துப் பொங்கியது. அவ்வளவும் சுண்ணாம்பு. போதாததற்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். அந்த மண்ணில் இரும்பு கரையாமல் கல்லாகக் கிடக்கும். நான் வைத்த டிஏபியில் இருந்த மணிச்சத்து (பாஸ்பரஸ்), கரைந்த கொஞ்சத்தையும் முடக்கியது. இரண்டு வேளைத் தண்ணீர் வேருக்கு மூச்சுவிட இடமில்லாமல் செய்தது. நோயைவிட என் வைத்தியம்தான் செடியை அதிகம் படுத்தியிருக்கிறது.

அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், வாங்கிவந்தேன். பச்சைப் பளிங்காக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் வாங்காதே. லிட்டருக்கு 5 கிராம், கூடவே 1 கிராம் சிட்ரிக் அமிலம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தளிர்களில் அடித்தேன். ஆறாம் நாள் காலையில் பார்த்தால், துளி விழுந்த இடத்திலெல்லாம் மஞ்சள் இலையில் பச்சைப் பொட்டுகள்! சரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எனக்கு நீங்கள் சொல்வதற்கு முன்பே தெரிகிறது" என்றாள். பத்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை அடித்ததும் புதுத் தளிர் பச்சையாகவே வந்தது. கொடியில் காய்ந்த என் வேட்டியிலும் துளி பட்டிருக்கிறது. அந்தத் துருக்கறை இன்றுவரை போகவில்லை.

ஆனால் தெளிப்பது தற்காலிகம்தான். நவம்பர் கடைசியில் கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கவாத்து செய்தபோது, செடியைச் சுற்றித் தோண்டி இடிசலை அள்ளிக் கொட்டினேன். ஏழு சட்டி வந்தது. அந்த இடத்தில் மக்கிய தொழுவுரமும் ஆற்று மணலும் போட்டேன். நாற்று ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வந்தது; மணலில் பிறந்த செடியைச் சுண்ணாம்பில் உட்காரவைத்தால் என்ன செய்யும் பாவம். இப்போது தினமும் ஒரு உழக்கு மொட்டுத் தேறுகிறது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் விலையைப் பேப்பரில் படித்து, நாங்கள் எத்தனை ரூபாய்க்குப் பூத் தொடுத்தோம் என்று சரோஜா மனக்கணக்குப் போடுகிறாள்.

மற்றபடி என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறுவதில்லை. பேத்திக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. என்னைக் கேரம் விளையாட இழுக்கிறாள், தினமும் தோற்கிறேன். நம் கணக்கு வாத்தியாரின் வீட்டை இடித்துவிட்டார்கள். நேற்று அந்தத் தெரு வழியாகப் போனபோது வேப்பமரம் மட்டும் நின்றது.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வருவதாகப் போன வருடமும் எழுதினாய். இந்த முறை தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. கவாத்துக்கு முன்பே உனக்கென்று ஒரு பதியன் போட்டிருந்தேன். வேர் பிடித்துப் பையில் தயாராக இருக்கிறது. உன் பால்கனியில் பேன் ஒழிந்த பிறகுதான் கொடுப்பேன். அதற்குள் தாளில் தட்டிப் பார்த்து, என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுது.

அன்புடன்,
உன்
முத்தையா