ஒரே வீடு, தனி மீட்டர்

மொரீஷியஸ்
23 நவம்பர் 2025

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், அதற்குள் லிச்சி மரத்துக்கு வலை கட்டுகிற வேலை வந்துவிட்டது. இங்கே வௌவால் முந்திக்கொண்டால் நமக்குக் கொட்டைகூட மிஞ்சாது. மூன்று நாள் ஏணியில் ஏறி இறங்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி? ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலில் சந்நிதிவரை போக முடிகிறதா, இல்லை கேண்டீன் தோசையோடு தரிசனம் முடிந்துவிடுகிறதா?

உன் மகள் மம்தானிக்கு ஓட்டுப் போட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கம்பாலாவில் பிறந்த குஜராத்திப் பையன் நியூயார்க் மேயராகிறான் என்றால், இந்தியப் பெருங்கடல் தீவில் உட்கார்ந்திருக்கிற எனக்கே நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது. என்னை யோசிக்க வைத்தது வேறு. ஓட்டுச்சீட்டில் அவர் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது, ஒன்று டெமாக்ரடிக் கட்சிக்கு நேராக, இன்னொன்று வொர்க்கிங் ஃபேமிலிஸ் பார்ட்டிக்கு நேராக, மகள் இரண்டாவதைக் கறுப்பாக்கிவிட்டு வந்தாள் என்று எழுதியிருந்தாய். "எதில் போட்டாலும் அவருக்குத்தானே போகிறது?" என்று நீ கேட்டதற்கு, "அப்பா, அதில்தான் விஷயமே இருக்கிறது" என்றாளாம். அத்தோடு விட்டுவிட்டு நீ குளிரைப் பற்றி எழுதப் போய்விட்டாய். கதையை நடுவில் விடுகிற பழக்கம் அண்ணாமலை நகர் ஹாஸ்டலிலிருந்தே உனக்கு உண்டு.

நானே தேடிப் படித்தேன். 1998இல் தொலைத்தொடர்பு ஊழியர்கள், கார்த் தொழிலாளர்கள் ஆகியோரின் சங்கங்களும் குடியிருப்போர் அமைப்புகளும் சேர்ந்து தொடங்கிய கட்சி. ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் நிறுத்தலாம், இரண்டு வரிசையிலும் விழுகிற ஓட்டைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது நியூயார்க் சட்டம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் இதற்கு இடமில்லையாம். அந்த வருஷ கவர்னர் தேர்தலில் தங்கள் வரிசையில் ஐம்பதாயிரம் ஓட்டு வாங்கினால்தான் கட்சிக்கு அடுத்த நாலு வருஷம் ஓட்டுச்சீட்டில் தானாக இடம். ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு கூடுதலாக வாங்கித் தப்பித்தார்கள். தோற்ற வேட்பாளரின் பெயரை வைத்துக்கொண்டு கட்சி மட்டும் ஜெயித்தது! இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன்.

எங்கள் தெருவில் அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே வீட்டில் மாடி மாடியாகக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். வாசல் ஒன்று, நாய் ஒன்று, தைப்பூசத்துக்கு ஏழு கறிச் சாப்பாடும் ஒரே அடுப்பில்தான். ஆனால் மின்சார மீட்டர் மட்டும் மூன்று. யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்பதில் சண்டை வராது. உன் மகள் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன். வீடு பெரிய கட்சியுடையது, வாசலும் அவர்களுடையது, ஆனால் இந்த யூனிட் நாங்கள் போட்டது என்று எழுதி வைக்க ஒரு மீட்டர். நாளைக்கு மேயர் வாடகை, பஸ் பற்றிக் கொடுத்த வாக்கை மறந்தால், அந்தக் கணக்கை எடுத்துக் காட்டலாம்.

எங்கள் வீட்டுக் கதை உனக்குப் பாதி தெரியும், மீதியையும் இப்போது சொல்லிவிடுகிறேன். அப்பா பொர்ட் லூயி துறைமுகத்தில் தொக்கேர், மூட்டை தூக்குகிறவர். 1980இல் சர்க்கரையைக் கொட்டி ஏற்றுகிற டெர்மினல் வருகிறவரை, கப்பலுக்குப் போன சர்க்கரையெல்லாம் சாக்கு மூட்டையாக மனிதர்கள் சுமந்ததுதான். அப்பாவின் வலது தோளில் கழுத்தை ஒட்டி ஒரு காய்ப்பு இருந்தது. எலுமிச்சைப் பழம் அளவு, தொட்டால் செருப்புத் தோல் மாதிரி. சின்ன வயதில் அதன்மேல் தலைவைத்துத் தூங்கியிருக்கிறேன். சட்டை தைக்கிறபோது தையல்காரர் வலது பக்கம் அரை அங்குலம் கூட விடுவார். அப்பா எம்எம்எம். 1969இல் பெராஞ்செ முதலான இளைஞர்கள் தொடங்கி, துறைமுகத்திலும் பஸ் டிப்போவிலும் சங்கம் கட்டி வளர்ந்த கட்சி.

அம்மாவின் வீட்டார் கரும்புத் தோட்டத்து ஆட்கள். தாய்மாமா சாகிறவரை லேபர் கட்சி, இங்கே கிரியோலில் சொல்வதானால் பார்ட்டி திராவாயிஸ். 1936இல் மோரிஸ் க்யூரே தொடங்கியது. நம்மவர் ரெங்கநாதன் சீனிவாசன் அந்தக் கட்சியில்தான் கல்வி மந்திரி ஆனார். எங்கள் நூறு ரூபாய் நோட்டில் இருப்பது அவர் முகம், அதே நோட்டில் தமிழ் எழுத்தும் உண்டு, உனக்கு ஒன்று காட்டியபோது நீ நம்பாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். மாமா அந்தக் கட்சியை விடாததற்குக் காரணம் சீனிவாசன் அல்ல, அஞ்சலை. 1943 செப்டம்பர் 27ஆம் தேதி பெல்வியூ ஹரெல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் செத்தவர்களில் அஞ்சலை கூப்பன் கர்ப்பிணி. அந்தப் பெயரைச் சொல்கிறபோதெல்லாம் மாமா குரல் தாழ்ந்துவிடும்.

ஆக, மே தினம் வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு கூட்டம். மாமா சிவப்புச் சட்டை, சாவிச் சின்னம். அப்பா ஊதா, இருதயச் சின்னம். இருவரும் தொழிலாளி கட்சிதான், இருவரும் ஒரே சோற்றைத்தான் தின்பார்கள், முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். காரணம் 1971 டிசம்பர். தொக்கேர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அவசர நிலை வந்தது, சங்கங்களை முடக்கினார்கள், தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 1972இல் நடக்க வேண்டிய தேர்தல் 1976க்குத் தள்ளிப்போனது. ஆட்சியில் இருந்தது எந்தக் கட்சி? தொழிலாளி பெயரை நெற்றியில் எழுதி வைத்திருந்த அதே லேபர். அம்மா நடுவில் பரிமாறிக்கொண்டு, "இரண்டு பேருக்கும் ரசம் ஒன்றுதான்" என்பாள்.

அப்பாவும் மாமாவும் போய்ச் சேர்ந்த பிறகு, போன வருஷம் அந்த இரண்டு கட்சியும் ஒன்றாக நின்றன. கூடவே நூவோ தெமொக்ராத், ரெசிஸ்டான்ஸ் ஏக் அல்தர்நாதிவ் என்ற இரண்டு கட்சிகளும். நவம்பர் 10, 2024 தேர்தலில் அறுபதுக்கு அறுபது. இந்த வருஷம் மே 4ஆம் தேதி, மே தினம் முடிந்து மூன்றாம் நாள், முனிசிபல் தேர்தல். 2015க்குப் பிறகு இதுதான் முதல் முறை. 2021இல் நடக்க வேண்டியது, கொரோனா என்று தொடங்கித் தள்ளிக்கொண்டே வந்துவிட்டார்கள். ஐந்து நகரத்திலும் சேர்த்து 120 கவுன்சிலர் இடங்கள், ஏறத்தாழ எல்லாமே கூட்டணிக்குப் போயின. அப்பா பார்த்திருந்தால் பட்டாசு வெடித்திருப்பார் என்று நினைக்கிறாயா? வந்து ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை.

நான் போட்டேன். பள்ளிக்கூட வகுப்பறை, பையன்களின் குட்டி நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். வார்டுக்கு நாலு பேர், நாலு குறி. பெட்டிக்குப் பக்கத்தில் கட்சி ஆட்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரே ஒரு கிழவி, அவளும் பேரன் கூட்டி வந்ததால் வந்தவள். பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் குழம்பினேன். என் ஓட்டு மாமாவின் சாவிக்கா, அப்பாவின் இருதயத்துக்கா? எல்லாம் ஒரே மூட்டை. ஒரே மீட்டர். நாளைக்கு இவர்களுக்குள் பிணக்கு வந்தால் ஆளாளுக்கு "ஜெயித்தது என்னால்" என்பார்கள். யார் எத்தனை யூனிட் போட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

ரெசிஸ்டான்ஸ் விஷயத்தில் மட்டும் எனக்குத் தனிக் கரிசனம். சின்னக் கட்சி, தொழிற்சங்கத்து ஆட்கள். 2005இல் வேட்புமனுவில் நான் இந்து, முஸ்லிம், சீனர், பொது என்று ஏதாவது ஒரு சமூகத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார்கள். மனு தள்ளுபடி. கோர்ட்டுக்குப் போய், ஐ.நா. மனித உரிமைக் குழுவரை போய், 2012இல் தங்கள் பக்கம் தீர்ப்பு வாங்கினார்கள். அவர்களில் அசோக் சுப்ரோன் இன்று மந்திரி. நல்லதுதான். ஆனால் தெருவில் கோஷம் போட்ட வாய் மந்திரி சபை மேஜையில் எவ்வளவு சத்தமாகப் பேசும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தனி மீட்டர் இருந்தால் தைரியமாகப் பேசலாம் இல்லையா?

இதற்காக உங்கள் ஊர் ஏற்பாட்டை ஒரேயடியாகப் புகழ்கிறேன் என்று எண்ணாதே. மீட்டரைப் பொருத்தித் தருகிறவன் வீட்டுக்காரன், கழற்றுகிறவனும் அவனே. 2018இல் வொர்க்கிங் ஃபேமிலிஸ் கட்சி அப்போதைய கவர்னர் குவோமோவை எதிர்த்து ஒரு நடிகையை ஆதரித்தது, உடனே பெரிய சங்கங்கள் சில விலகிப்போயின. குவோமோ கவர்னராக இருந்தபோதே 2020இல் ஐம்பதாயிரம் என்ற வரம்பு ஒரு லட்சத்து முப்பதாயிரம் அல்லது மொத்த ஓட்டில் இரண்டு சதவீதம், எது அதிகமோ அது என்று உயர்ந்தது. அதையும் தாண்டினார்கள். இந்த வருஷம் அதே குவோமோ மேயர் தேர்தலில் நின்று, உட்கட்சித் தேர்தலில் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை என்று இரண்டு தரம் மம்தானியிடம் தோற்றார். இன்னொன்றையும் கவனி. உட்கட்சித் தேர்தலில் கட்டட ஊழியர், ஹோட்டல் ஊழியர் சங்கங்கள் எல்லாம் குவோமோ பக்கம்தான் நின்றன, பையன் ஜெயித்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்தன. தொழிலாளி கட்சி ஒரு பக்கம், தொழிலாளி சங்கம் இன்னொரு பக்கம்! எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மாதிரியே இருக்கிறது.

எனக்கு அதிகம் பிடித்தது மேயர் கதையைவிட கவுன்சில் கதைகள்தான். 2003இல் புரூக்ளினில் லெட்டிஷியா ஜேம்ஸ் வொர்க்கிங் ஃபேமிலிஸ் வரிசையில் மட்டும் நின்று ஜெயித்திருக்கிறார். பிலடெல்பியாவில் சிறுபான்மைக் கட்சிக்கென்று சட்டம் ஒதுக்கிய இரண்டு கவுன்சில் இடங்களை ரிபப்ளிகன்கள் பரம்பரைச் சொத்து மாதிரி வைத்திருந்தார்கள். 2019இல் ஒன்று, 2023இல் இன்னொன்று என்று இவர்கள் வாங்கிவிட்டார்கள். மெதுவாக, தெருத் தெருவாக. நகரத் தேர்தல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். இங்கே முனிசிபல் தேர்தல் என்றால் பெரிய தேர்தலின் மிச்சம் மீதி என்ற நினைப்பு. கவுன்சிலருக்குப் பணம் பெரும்பாலும் அரசாங்கத்திடமிருந்துதான் வர வேண்டும், அவரும் மேலே பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆனால் 2013 மார்ச் 30ஆம் தேதி பொர்ட் லூயியில் வெள்ளம் வந்து பதினோரு பேர் செத்தபோது, எல்லோரும் பேசியது சாக்கடையையும் வடிகாலையும்தான்.

ஓட்டுக் கேட்டு வந்த பெண்ணிடம் எங்கள் தெருக்கோடி விளக்கு எட்டு மாதமாக எரியவில்லை என்றேன். சின்னப் பெண், டீச்சர் என்றாள். கைபேசியில் குறித்துக்கொண்டாள். ஆகஸ்டில் ஒருநாள் வண்டி வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போனது. இப்போது அது பகலிலும் எரிகிறது. அணைக்க யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

சரி, ஒரு வேலை செய். உங்கள் வட்டாரத்தில் அந்த இரண்டாவது வரிசையில் எத்தனை ஓட்டு விழுந்தது என்று மகளிடம் கேட்டு எழுது. மாவட்டம் மாவட்டமாகக் கணக்கு வெளியிடுவார்கள் என்று படித்தேன், அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் பிப்ரவரி முதல் தேதி காவடி. கோர்தெகார்த் மலைக் கோயிலுக்கு ஏறப் படிகள் நிறைய, உன் முழங்காலுக்கு ஆகாது. கீழே நிழலில் நாற்காலி போட்டு வைக்கிறேன். டிக்கெட் எடுத்தால் சொல்.

இப்படிக்கு,
உன் ஹாஸ்டல் 'தீவு'