தராசைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். ஊரில் பேர்பெற்ற உணவகங்களின் பக்குவங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கி, விற்றுவரும் பணத்தை முதியோர் இல்லத்துக்கோ குழந்தைகள் காப்பகத்துக்கோ கொடுக்கும் யோசனை மதுரைக்கு நன்றாகப் பொருந்தும். கறிதோசை, பன் பரோட்டா, ஜிகர்தண்டா என்று இங்கே விஷயத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் இப்படிப்பட்ட புத்தகங்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: கடைக்காரர் வாயால் சொன்னதை அப்படியே எழுதி அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வாங்கியவர் செய்து பார்த்து வாய்க்கு விளங்காமல் போனால் அடுத்த பதிப்பை யாரும் தொடமாட்டார்கள். அந்த நஷ்டம் காப்பகத்துப் பிள்ளைகளுக்கு.

மாஸ்டர்களின் கணக்கு படி, கரண்டி, கைப்பிடி. படி ஊருக்கு ஊர் மாறும், கரண்டி கடைக்குக் கடை மாறும். “மல்லி எவ்வளவுண்ணே?” என்று கேட்டால் “ரெண்டு கை” என்பார். அவர் கைக்கு அது மிகச் சரியான அளவு. வாசகர் கைக்கு அல்ல. இதற்கு எளிய வழி உண்டு. மசாலா டப்பாவை அப்படியே எலக்ட்ரானிக் தராசில் வைத்து அது காட்டும் எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, மாஸ்டரைத் தன் போக்கில் அள்ளிப் போடச் சொல்ல வேண்டும். டப்பாவில் குறைந்த எடைதான் அளவு. ஒவ்வொரு டப்பாவுக்கும், உப்பு ஜாடிக்கும், எண்ணெய்த் தூக்குக்கும் இதையே செய்தால் ஒரே சமையலில் முழுக்கணக்கும் வந்துவிடும். அவர் கையை நிறுத்தி நிறுத்தி அளந்தால் கைப்பக்குவமே மாறிப்போகும்.

அடுத்தது சுருக்குவது. 100 பேருக்கான சாம்பாரில் இரண்டரைக் கிலோ துவரம்பருப்பு என்றால் 4 பேருக்கு 100 கிராம். இது வகுத்தால் வரும். தண்ணீரும் உப்பும் அப்படி வராது. அண்டாவில் குழம்பு நிறைய, அதற்கு வாய் சிறிது. வீட்டுச் சட்டியில் குழம்பு கொஞ்சம், வாய் அகலம். அதே அரைமணி கொதியில் சட்டிதான் அதிகம் வற்றும், உப்பும் தூக்கலாகும். அதனால் வகுத்து வந்த தண்ணீரோடு கால் பங்கு கூட்டி, உப்பில் முக்கால் பங்கை மட்டும் முதலில் போட்டு, மீதியை இறக்கும்போது ருசி பார்த்துச் சேர்க்கும்படி எழுதிச் சோதிக்க வேண்டும். பிரியாணியிலும் இதே சங்கடம். 5 கிலோ அரிசி வெந்த அண்டா தன் சூட்டிலேயே தம் ஆகிவிடும். அரைக்கிலோ சீரகச் சம்பா வெந்த பாத்திரம் சீக்கிரம் ஆறிவிடும். அடியில் தோசைக்கல் போட்டுச் சிறு தீயில் 15 நிமிடம் வைத்தால்தான் தம் ஏறும். ஏலம், கிராம்பு போன்றவற்றைச் சிறிய அளவில் கிராமில் எழுதாமல் எண்ணிக்கையில் எழுதுவதே நல்லது.

மாஸ்டருக்குப் பழகிப்போன வேலைகளை அவர் சொல்லவே மாட்டார். ஜிகர்தண்டாவுக்குப் பாதாம் பிசினை முதல் நாள் இரவே ஊறப்போட்டிருப்பார். காலையில் கடைக்குப் போய்க் குறிப்பெடுப்பவர் கண்ணில் அது படாது. எட்டு மணி நேரமாவது ஊறாத பிசின் நடுவில் கடுக்கென்று பல்லில் மாட்டும். ஊறினால் பல மடங்கு பெருகும் பொருள் அது, 4 தம்ளருக்கு 5 கிராம் போதும். ஆகவே, “நேற்று ராத்திரி என்ன செய்தீர்கள்?” என்பதே குறிப்பெடுப்பவரின் முதல் கேள்வியாக இருக்கட்டும். பாமாயிலில் பொரிப்பதைக் கடலை எண்ணெய் என்று எழுதவும் கூடாது. முந்திரி, நிலக்கடலை சேர்ந்தவற்றைத் தலைப்பிலேயே குறிக்க வேண்டும், ஒவ்வாமை உள்ள குழந்தைகள் உண்டு.

பிறகு ஒவ்வொரு குறிப்பையும் மூன்று வீடுகளில், எழுதியதைத் தவிர வேறெதுவும் கேட்காமல், கேஸ் அடுப்பிலும் மிக்சியிலும் செய்து பார்க்க வேண்டும். கடை முதலாளியிடம் எழுத்துமூலச் சம்மதம் கட்டாயம். பொருள் பட்டியலுக்குக் காப்புரிமை இல்லாவிட்டாலும் எழுத்துக்கும் படத்துக்கும் உண்டு. கடையின் பெயரோடு, விருப்பப்பட்டால், மாஸ்டரின் பெயரும் அச்சாக வேண்டும். பக்குவம் அவருடையது.

அச்சில் கிரவுன் 1/4 அளவு (ஏறத்தாழ ஏழரை அங்குல அகலம், பத்து அங்குல உயரம்), 128 பக்கம், அதாவது 16 பக்கப் பாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்கள்) எட்டு. பசை பைண்டிங் வேண்டாம்; மேடையில் விரித்தால் மூடிக்கொள்ளும். தையல் போட்டால் தட்டையாகக் கிடக்கும். ஒரு பதார்த்தம் எதிரெதிர்ப் பக்கங்களிலேயே முடிந்துவிட வேண்டும், மசாலாக் கையோடு யாரும் பக்கம் புரட்ட முடியாது. புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். கட்டணமின்றிக் கிடைக்கிறது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

பணக்கணக்கு இது. உதாரணத்துக்கு அச்சுச்செலவு பிரதிக்கு 100 ரூபாய், விலை 250 என்று வைப்போம். புத்தகக் கடைக்கு 35 சதவீதக் கழிவு போனால் கையில் நிற்பது 162.50, அச்சுச்செலவு போக இல்லத்துக்கு 62.50. அச்சுச்செலவை மளிகை, பாத்திரக் கடை, எண்ணெய்ச் செக்கு விளம்பரங்களால் முன்கூட்டியே ஈடுகட்டி, புத்தகத்தை அந்தந்த உணவகத்தின் கல்லாவிலேயே கழிவில்லாமல் விற்றால் 250ம் முழுதாகப் போகும். இடம்பெறும் உணவகங்களிடம் மட்டும் விளம்பரம் வாங்கக் கூடாது. வாங்கினால் காசு கொடுத்தவருக்குத்தான் பக்கம் என்று ஊர் பேசும், அந்தப் பேச்சு நியாயமானதும்கூட. பணம் தனி ஆள் கணக்கில் தங்காமல், கியூ.ஆர். அட்டை வழியாக இல்லத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். புத்தகம் வாங்குவது நன்கொடை ஆகாது. வரிச்சலுகை உண்டு என்று சொல்லி விற்காதீர்கள்.

சித்திரைத் திருவிழாவுக்குப் புத்தகம் வர வேண்டுமானால் புரட்டாசியிலேயே தராசோடு கிளம்ப வேண்டும். அந்த மாதம் பலர் கறி தின்பதில்லை, அசைவக் கடை மாஸ்டர்களுக்கு நின்று பேச நேரமிருக்கும். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். பிறகு தை முடியும்வரை சைவக் கடைகளில் யாரையும் பிடிக்க முடியாது. அந்த மாதங்களில் வீட்டுச் சோதனைகளை முடித்து, மாசியில் மெய்ப்பு பார்த்து, பங்குனியில் அச்சுக்குக் கொடுத்தால் சரியாக இருக்கும்.

— சமையல் நூல் தொகுப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
மதுரை